கைனி டாக்டர் தேடுகிறேன்: பாலிகிளினிக் வழியா, நேரே தனியாரா?

செங்காங்_சுபா

வணக்கம். வீட்டில் டெஸ்ட் எடுத்துப் பார்த்தேன், இரண்டு கோடு, கணக்குப்படி ஆறு வாரம் இருக்கும். நானும் கணவரும் சிங்கப்பூரில் பிஆர் (நிரந்தரவாசிகள்), பெரியவர்கள் எல்லாம் இந்தியாவில், ஊரில். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் கைனி வேறு, பிரசவம் பார்க்கும் டாக்டர் வேறா என்பதே எனக்குச் சரியாகத் தெரியாது. ஊராக இருந்தால் அம்மா கூட்டிப்போகும் டாக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்திருப்பேன். இங்கே ஒரு தோழி நேரே தனியார் கிளினிக் போ என்கிறாள், இன்னொருத்தி பாலிகிளினிக்கின், அதாவது அரசு மருந்தகத்தின், பரிந்துரைக் கடிதம் இல்லாமல் போனால் காசு கரைந்துவிடும் என்கிறாள். எனக்கு முன்பே சினைப்பையில் நீர்க்கட்டி (பிசிஓஎஸ்) உண்டு, அதற்கு மாத்திரை சாப்பிடுகிறேன். பெண் டாக்டராக, முடிந்தால் தமிழ் பேசுபவராகக் கிடைத்தால் நிம்மதி.

உட்லண்ட்ஸ்_மீனா

வாழ்த்துகள் சுபா! இரண்டு பேரைத் தேட வேண்டாம், ஒரே ஆள்தான். கர்ப்பமும் பிரசவமும் அவர் வேலையில் ஒரு பாதி, மாதவிடாய்க் கோளாறு, கர்ப்பப்பைக் கட்டி, உங்கள் நீர்க்கட்டி, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பேப் டெஸ்ட் எல்லாம் மறு பாதி. இரண்டுக்கும் சேர்த்தே படித்துப் பயிற்சி எடுத்தவர்கள், அதனால்தான் இங்கே எல்லாரும் பொதுவாகக் கைனி என்கிறோம். குழந்தையின்மை, புற்றுநோய், சிக்கலான கர்ப்பம் என்று அதற்கு மேலும் தனித்தனியாகப் படித்தவர்கள் உண்டு, தேவைப்பட்டால் உங்கள் டாக்டரே அனுப்பிவைப்பார்.

முதல் ஸ்கேனில் பார்ப்பது கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறதா, இதயத் துடிப்பு வந்துவிட்டதா, தேதி சரியா என்பதை. ஆறு வாரத்தில் சில சமயம் துடிப்பு தெரியாது, பயந்துவிடாதீர்கள், கொஞ்ச நாள் கழித்து மறுபடி வரச் சொல்வார்கள். அப்புறம் ரத்தப் பரிசோதனைகள், 11 முதல் 14 வாரத்துக்குள் டவுன் சின்ட்ரோமுக்கான பரிசோதனை, 20 வார வாக்கில் குழந்தையின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் ஸ்கேன்.

உங்களுக்கு நான் அழுத்திச் சொல்வது சர்க்கரை டெஸ்ட். நீர்க்கட்டி இருப்பவர்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வரும் வாய்ப்பு கூடுதல், நம் இந்திய உடம்புக்கும் அப்படித்தான். 24 முதல் 28 வாரத்தில், வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துவிட்டு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்கச் சொல்வார்கள், பிறகு ஒரு மணி நேரத்திலும் இரண்டு மணி நேரத்திலும் மறுபடி ரத்தம். குமட்டும், நடுவில் எதுவும் சாப்பிடக் கூடாது, குளிர்சாதனத்தில் உட்கார்ந்து நடுங்க வேண்டும், ஒரு ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். உங்களுக்கு அதற்கு முன்பே, தொடக்கத்திலேயே எடுக்க வேண்டுமா என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். இப்போது சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், அதைக் கொடுத்த டாக்டருக்குப் போன் செய்து கேளுங்கள். ஃபோலிக் ஆசிட் இன்னும் தொடங்கவில்லை என்றால் அதையும் சேர்த்தே கேளுங்கள்.

பாத்தோக்_அப்பா

காசு விஷயத்தை நான் சொல்கிறேன். பாலிகிளினிக் கடிதத்தோடு கேகே, என்யூஎச், எஸ்ஜிஎச் என்று அரசு மருத்துவமனைக்குப் போனால் சலுகைக் கட்டணம். பிஆருக்கும் உண்டு, குடிமக்களுக்குக் கிடைக்கிற அளவு இருக்காது. ஆனால் டாக்டரை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, ஒவ்வொரு முறையும் வேறு முகமாக இருக்கலாம், சுகப்பிரசவம் என்றால் பெரும்பாலும் மருத்துவச்சிகளே பார்த்துவிடுவார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை, இதைத் தினமும் பார்க்கிற கைகள் அவை. அதே மருத்துவமனைகளில் தனியார் நோயாளியாகப் பதிந்தால் குறிப்பிட்ட டாக்டரைக் கேட்கலாம், சலுகை மட்டும் போய்விடும்.

தனியார் என்றால் 'பேக்கேஜ்' என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாம் அதில் அடங்கிவிட்டது என்று நினைக்காதீர்கள். பேக்கேஜ் எத்தனையாவது வாரத்தில் தொடங்குகிறது, எந்த ஸ்கேன் உள்ளே, எது வெளியே என்று கேளுங்கள். டாக்டரின் பிரசவக் கட்டணம், மருத்துவமனை அறை, முதுகில் ஊசி போட்டால் மயக்க மருந்து டாக்டர், குழந்தை டாக்டர் என்று தனித்தனியாக வரும். அந்த டாக்டர் எந்த மருத்துவமனையில் பிரசவம் பார்ப்பார், அவர் லீவில் இருந்தால் யார் வருவார், இந்த இரண்டையும் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். எங்கள் முதல் டாக்டர், பெயர் வேண்டாம், நாங்கள் கேள்வி கேட்கத் தொடங்கினாலே கதவுப் பக்கம் பார்ப்பார். ஆளை மாற்றிவிட்டோம்.

சுகாதார அமைச்சின் தளத்தில் மருத்துவமனை வாரியாகப் பிரசவச் செலவு போட்டிருக்கிறார்கள், சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் பெயரைத் தட்டினால் ஒருவர் சிறப்பு மருத்துவரா என்று தெரிந்துவிடும். ஃபேஸ்புக் நட்சத்திரங்களை நம்புவதைவிட இது மேல். மெடிசேவிலிருந்து (சிபிஎஃப்-இல் இருக்கும் மருத்துவச் சேமிப்பு) பிரசவத்துக்கு முந்தைய செலவுக்கும் எடுக்கலாம், பில்களைப் பத்திரமாக வையுங்கள்.

தேக்கா_லெட்சுமி

தங்கச்சி, தமிழ் டாக்டர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதே. கேகேயில் தமிழ் பேசும் தாதியர் இருக்கிறார்கள், ஒன்று புரியவில்லை என்றால் அவர்களைக் கேள். பெண் டாக்டர் வேண்டும் என்று கவுன்டரில் சொல்லிப் பார்க்கலாம், சலுகை வகுப்பில் உறுதி தரமாட்டார்கள், பிரசவ நேரத்தில் யார் பணியில் இருக்கிறாரோ அவர்தான். என் தலைமுறையில் பாதிப் பேர் பிறந்தது அங்கேதான், 1966-இல் மட்டும் 39,835 பிரசவம், கின்னஸ் புத்தகத்தில் ஏறியது.

இன்னொன்று, ஊரில் ஆணா பெண்ணா என்று சொல்வது சட்டப்படி குற்றம், இங்கே அப்படிக் கிடையாது. ஸ்கேன் செய்பவரே தெரிந்துகொள்ள வேண்டுமா என்று கேட்பார். வேண்டாம் என்றால் ஸ்கேன் தொடங்கும் முன்பே சொல்லிவிடு, அதற்கு மேல் ஊருக்கு யார் போன் போடுவது என்பது உங்கள் வீட்டு விவகாரம்!

ரத்தம் போனாலோ, ஒரு பக்கமாகக் கடுமையான வயிற்று வலி வந்தாலோ, மயக்கம் வந்தாலோ அப்பாயின்ட்மென்ட் நாள் வரை காத்திருக்காதே, கேகேயின் 24 மணி நேர அவசரப் பிரிவுக்கு நேரே போ. கரு கர்ப்பப்பைக்குப் போகாமல் கருக்குழாயிலேயே தங்கியிருந்தால் அது உயிருக்கே ஆபத்து.

செங்காங்_சுபா

எல்லாருக்கும் நன்றி, லெட்சுமி அக்காவுக்குத் தனியாக. ஹெல்த்ஹப் செயலியில் செங்காங் பாலிகிளினிக்குக்கு நேரம் எடுத்துவிட்டேன், சலுகை வழிதான். மாத்திரை பற்றி நாளைக் காலை போன் செய்கிறேன். கணவர் இப்போதே சர்க்கரை டப்பாவை ஒளித்து வைத்துவிட்டார், காப்பி குடிக்கவே முடியவில்லை.

உட்லண்ட்ஸ்_மீனா

டெஸ்ட் வரைக்கும் காப்பிக்குத் தடை இல்லை என்று அவரிடம் சொல்லுங்கள், கடைக் கோப்பியில் மட்டும் 'சியூ டாய்' கேட்டு வாங்கச் சொல்லுங்கள், சர்க்கரை குறைத்துப் போடுவார்கள்.