கிளப் செஸ் போட்டியில் கைபேசி ஏமாற்று: தடுக்க வழி சொல்லுங்கள்

ஞாயிறு கிளப் போட்டி. 40 பேர், ஒரே ஆர்பிட்டர் (நடுவர்), மெட்டல் டிடெக்டர் கிடையாது. உலக செஸ் அமைப்பான ஃபிடேயின் விதி 11.3-ன்படி ஆடுபவர் உடம்பில் கைபேசி இருப்பது தெரிந்தாலே தோல்விதான். அணைத்துப் பையில் வைக்கப் போட்டி விதி இடம் கொடுக்கலாம்.

சிக்கல் கழிவறையில்தான். 2019-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் கிராண்ட்மாஸ்டர் ரவுசிஸே அங்கேதான் கைபேசியோடு மாட்டினார். யார் எந்த மூவில் எழுந்து போனார், எப்போது திரும்பினார் என்று குறித்து வைக்கிறோம். ஒவ்வொரு சிக்கலான நிலையிலும் எழுந்து போய், வந்த உடனே ஆடினால் கவனிக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரே ஒரு ஆட்டத்தை எஞ்சினில் (செஸ் ஆடும் கணினி நிரலில்) ஓட்டிப் பார்த்துப் பழி போடுவது பெரிய தவறு. மனப்பாட ஓப்பனிங்கும் (தொடக்க மூவ்கள்) வேறு வழியில்லாத கட்டாய வெட்டுகளும் எஞ்சினோடு ஒத்துப்போகும் அளவை ஏற்றிக் காட்டும்.

கைபேசிகளை எண் போட்ட உறையில் வாங்கி வைப்பவர்கள் சொல்லுங்கள்: தொலைந்தால் யார் பொறுப்பு? சிறுவர்களைச் சோதிக்கும்போது பெற்றோரையும் உடன் வைத்துக்கொள்கிறீர்களா?