ரோட்டா சொட்டு மருந்து: குழந்தை மருத்துவர்கள், செவிலியர்கள் உதவுங்கள்

வணக்கம். அடுத்த வாரம் எங்கள் ஊர் அங்கன்வாடியில் தாய்மார்களிடம் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கு எதிரான சொட்டு மருந்து பற்றிப் பேச வேண்டும். 6, 10, 14 வாரங்களில் கொடுப்பார்களே, அதுதான். பணக்கார நாடுகளில் இவ்வகைச் சொட்டு மருந்து ரோட்டாவால் வரும் கடும் வயிற்றுப்போக்கை 85 சதவீதத்துக்கு மேல் தடுக்கிறது. டெல்லி, புனே, வேலூரில் ரோட்டாவேக் என்ற இந்திய ரோட்டா சொட்டு மருந்துக்கு நடந்த சோதனையில் சுமார் 55 சதவீதம்தான். இங்கே பலன் குறைவதற்குக் குழந்தைகளின் குடல் அழற்சியும் ஒரு காரணமாம். ஆனால் வேலூரில் குழந்தைகளுக்கு அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்து அழற்சி குறைந்தும் இதேபோல் வாய்வழி கொடுக்கும் போலியோ சொட்டின் பலன் கூடவில்லை! துத்தநாகமும் புரோபயாடிக்கும் (நல்ல பாக்டீரியா) சேர்த்துக் கொடுத்தது ரோட்டா சொட்டின் பலனுக்குக் கொஞ்சம்தான் உதவியது.

சரி, "பாதிதானே தடுக்கும், எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு எளிமையாக என்ன சொல்வீர்கள்? சொட்டுக்கு முன் தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லும் பாட்டிகளுக்கும் ஒரு பதில் வேண்டும். தமிழில் படவிளக்கம் இருந்தால் அனுப்புங்கள், ப்ளீஸ்.