புதுப்பிப்பு: ஒப்பந்தக் காலம் முடியுமுன் நிறுத்திய இணைப்பும் 27,000 ரூபாவும்

கைத்தொலைபேசியுடன் 24 மாத ஒப்பந்தத்தில் எடுத்த பிற்கொடுப்பனவு இணைப்பை, 9 மாதங்கள் மீதமிருக்க நிறுத்துவதற்கு 27,000 ரூபா கேட்கிறார்கள் என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். அது தீர்ந்துவிட்டது.

ஒப்பந்தப் பிரதியுடன் மட்டக்களப்பு நகரிலுள்ள கிளைக்கு நேரில் சென்றேன். கருமபீடத்தில் இருந்த தங்கச்சி, "மாத இணைப்பு வாடகையும் சேர்த்துத்தான் கட்ட வேணும் ஐயா" என்றார். ஆனால், மூன்றாம் பக்கத்தின் அடியில், நான் பேனாவால் கோடிட்டு வைத்திருந்த பொடி எழுத்து வரியில், இடையில் விலகுபவர் கைத்தொலைபேசியின் மீதித் தவணைகளை மட்டுமே செலுத்த வேண்டும் என்றிருந்தது. முகாமையாளர் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு ஏற்றுக்கொண்டார். மாதம் 1,800 ரூபா வீதம் 16,200 ரூபா. அதில் என் வைப்புப் பணம் 2,000 ரூபாவைக் கழித்து, 14,200 ரூபா செலுத்தினேன். நான் பெரிதும் அஞ்சியதுபோல் என் தொலைபேசி இலக்கமும் போகவில்லை. அதையே முற்கொடுப்பனவுக்கு மாற்றித் தந்தார்கள்.

சென்ற மாதப் பதிவைப் படித்து நீங்கள் சொன்னபடி, 1996 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் நிறுவப்பட்ட இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதி வைத்திருந்த முறைப்பாட்டை அனுப்பத் தேவை ஏற்படவில்லை. நிறுத்தக் கோரிய கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரையும், நிலுவை இல்லை என்ற இறுதிப் பற்றுச்சீட்டும் வாங்கிக்கொண்டுதான் படியிறங்கினேன். இதே நிலையில் உள்ளவர்கள் இவ்விரண்டையும் தயவுசெய்து கேட்டு வாங்குங்கள்.