தேடினால் குப்பை, திறந்தால் ஷார்ட்ஸ்: போனைத் தூக்கிப் போடாமல் ஒதுங்க வழி உண்டா?

பாலாற்றுக்கரை கேட்டது:

தமிழில் எதைத் தேடினாலும் முதல் பக்கம் முழுக்க ஒரே அச்சில் வார்த்த பக்கங்கள்தான் வருகின்றன. "கூட்டுப் பட்டாவைத் தனிப் பட்டாவாக மாற்றுவது எப்படி" என்று போட்டால், பட்டா என்றால் என்ன, அதன் நன்மைகள் என்ன என்று பத்தி பத்தியாக ஓடுகிறது. எந்த ஆவணம் வேண்டும், மனுவை எங்கே போடுவது என்பது கடைசிவரை வருவதே இல்லை. எழுதியவர் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. யூடியூபில் ஒரு மோட்டார் ரிப்பேர் வீடியோ பார்க்கப் போனால் ஷார்ட்ஸ் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது.

ஸ்மார்ட்போனை விட முடியாது. பள்ளி வாட்ஸ்ஆப் குழு, யுபிஐ, வங்கி ஓடிபி எல்லாம் அதில்தான். ஆண்ட்ராய்டு, குரோம். காசு செலவில்லாமல் என்ன செய்யலாம்? பட்டன் போனுக்கு மாறுவது நடக்கிற காரியமா?

தறிமேடை பதில்:

தேடலை மட்டும் சொல்கிறேன். முதலில் கேள்வியாகக் கேட்பதை விடுங்கள். "எப்படி", "என்ன" என்று மக்கள் தட்டும் கேள்வியை அப்படியே தலைப்பாக வைத்துத்தான் இந்தப் பக்கங்களைத் தயாரிக்கிறார்கள். அலுவலகத்தில் புழங்கும் சொல்லைப் போடுங்கள். உங்கள் விஷயத்தில் அது "உட்பிரிவு பட்டா மாறுதல்". அதோடு சைட் என்ற ஆங்கிலச் சொல், முக்காற்புள்ளி, இடைவெளி விடாமல் டிஎன் டாட் ஜிஓவி டாட் இன் என்று ஆங்கிலத்தில் சேர்த்தால் தமிழ்நாடு அரசுத் தளங்கள் மட்டும் வரும். முக்காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விழுந்தால் இந்தக் கட்டளை வேலை செய்யாது. பலர் தடுக்கி விழுவது அங்கேதான்.

அடுத்தது, கூகுள் முடிவுகளுக்கு மேலே "வெப்" என்றொரு தாவல் உண்டு, 2024 மே மாதம் வந்தது. சில நேரம் "மேலும்" என்பதற்குள் ஒளிந்திருக்கும். அதைத் தொட்டால் ஏஐ சுருக்கம், வீடியோ வரிசை எல்லாம் போய் வெறும் இணைப்புகள் மட்டும் நிற்கும். கம்ப்யூட்டர் குரோமில் இதையே நிரந்தரமாக்கலாம். அமைப்புகளில் தேடுபொறி நிர்வாகத்துக்குப் போய்ப் புதிதாக ஒன்றைச் சேர்த்து, கூகுள் தேடல் முகவரியின் கடைசியில் & குறி, யுடிஎம், சமக்குறி, 14 என்று இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் ஒட்டி, அதையே இயல்புநிலை ஆக்குங்கள்.

சமையல், இலக்கணம், பழைய மெஷின் ரிப்பேர் மாதிரி மாறாத விஷயங்களுக்கு, கம்ப்யூட்டரில் கருவிகள் பகுதியிலுள்ள தேதி வரம்பில் முடிவுத் தேதியை 2022 நவம்பர் 30 என்று வையுங்கள். சாட்ஜிபிடி வெளியான நாள் அது. அதற்குப் பிறகு பெருகிய இயந்திரக் கட்டுரைகளில் பெரும்பகுதி கழிந்துவிடும்.

கம்பிவேலி பதில்:

தேதி வரம்பைப் பட்டா, நலத்திட்டம், வரி, மருந்து எதற்கும் வைக்காதீர்கள். காலாவதியான விதிதான் கையில் கிடைக்கும். தேதி எல்லாக் குப்பையையும் தடுக்கும் என்பதும் சரியில்லை. இயந்திரத் தமிழ் அதற்கு வெகு முன்பே வந்துவிட்டது. 2009-10 வாக்கில் கூகுள் மொழிபெயர்ப்புத் திட்டத்தின் வழியாகக் கட்டுரைகள் தமிழ் விக்கிப்பீடியாவுக்குள் வந்து குவிந்தபோது, தமிழ் விக்கிப்பீடியர்கள் அவற்றின் தரத்தை ஆராய்ந்து விக்கிப்பீடியர்களின் உலக மாநாடான விக்கிமேனியாவில் 2010-லேயே குறைகளை எடுத்து வைத்தார்கள். அந்த அக்கறை இருப்பதால்தான் இன்றும் அங்கே போய்ப் படிக்க முடிகிறது.

உலாவியை ஃபயர்ஃபாக்ஸுக்கு மாற்றுங்கள். விளம்பரத்தைத் தடுக்கும் யுபிளாக் ஆரிஜின் என்ற நீட்சி (உலாவியில் சேர்க்கும் சிறு நிரல்) ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸில் முழுதாக ஓடும். ஆண்ட்ராய்டு குரோமில் நீட்சியே போட முடியாது, கம்ப்யூட்டர் குரோமிலும் இப்போது அதன் லைட் வடிவம் மட்டும்தான். கம்ப்யூட்டரில் யுபிளாக்லிஸ்ட் நீட்சியையும் போட்டுக்கொண்டால், ஒரு குப்பைத் தளத்தை ஒருமுறை தடுத்தால் போதும், தேடல் முடிவில் மறுபடி தலைகாட்டாது.

யூடியூபில் பார்த்தவற்றின் வரலாற்றை நிறுத்தினால் மட்டும் போதாது, பழைய வரலாற்றையும் முழுக்க அழிக்க வேண்டும். இரண்டையும் செய்தால் முகப்பு வெறுமையாகி, தேடும் பெட்டி மட்டும் இருக்கும். 2023 ஆகஸ்டிலிருந்து அப்படித்தான். ஆனால் கீழே ஷார்ட்ஸ் பொத்தான் போகாது. அதனால் செயலியையே அமைப்புகளில் முடக்கிவிட்டு, ஃபயர்ஃபாக்ஸ் வழியாக மட்டும் பாருங்கள்.

மற்ற செயலிகளில் வரும் விளம்பரத்துக்கு அமைப்புகளில் பிரைவேட் டிஎன்எஸ் இருக்கிறது. தளப் பெயரை வைத்து அது இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துத் தரும் சேவைதான் டிஎன்எஸ். அதில் விளம்பரத் தளங்களைத் தடுக்கும் டிஎன்எஸ் டாட் ஆட்கார்ட்-டிஎன்எஸ் டாட் காம் என்ற முகவரியை ஆங்கிலத்தில் கொடுங்கள். யூடியூப் விளம்பரத்தை இது தடுக்காது. வீடியோ வரும் அதே முகவரியிலிருந்துதான் விளம்பரமும் வருகிறது.

பாலாற்றுக்கரை:

ரெண்டு பேருக்கும் நன்றிங்க. டிஎன்எஸ் மாற்றினால் வங்கிச் செயலிக்கு ஏதும் ஆகுமா?

கம்பிவேலி:

பொதுவாக ஆகாது. அடம்பிடித்தால் "தானியங்கி" என்று மாற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். பொது இடத்து வைஃபையில்தான் சிக்கல் வரும், உள்நுழையும் பக்கமே திறக்காது. அங்கேயும் தானியங்கிக்கு மாற்றி, உள்ளே நுழைந்தபின் திரும்பப் போடுங்கள்.

ஏட்டுச்சுவடி பதில்:

தடுத்தால் மட்டும் கை சும்மா இருக்காது, படிக்க நல்லதாக ஏதாவது போனிலேயே இருக்க வேண்டும்.

நீங்கள் தேர்ந்தெடுத்த தளங்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டித் தருவது ஆர்எஸ்எஸ் செயலி. ஃபீடர் அப்படி ஒன்று, இலவசம், கணக்கு தேவையில்லை. வேர்ட்பிரஸ் தளமென்றால் முகவரிக்குப் பின் சாய்கோடு, ஃபீட் என்று ஆங்கிலத்தில் சேர்த்தால் அந்தச் செயலியில் கொடுக்க வேண்டிய ஓடை, அதாவது புதுப் பதிவுகளின் வரிசை, கிடைக்கும். யூடியூப் சேனலுக்கும் ஓடை உண்டு, கடைசி 15 வீடியோ வரும், ஷார்ட்ஸும் கலந்து வரும். புதுப் பதிவு வரவில்லை என்றால் பெரும்பாலும் போனின் பேட்டரி சேமிப்புதான் செயலியைத் தூங்க வைத்திருக்கும். ஃபீடருக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள்.

கிவிக்ஸ் செயலியைப் போட்டால் தமிழ் விக்கிப்பீடியா மொத்தத்தையும் இறக்கி நெட் இல்லாமலே படிக்கலாம். படமில்லாத வடிவம் அளவில் சிறியது. பெரிய கோப்பு மெமரி கார்டில் பாதியில் நின்றால் கார்டு எஃப்ஏடி32 முறையில் இருக்கும். அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு ஏறாது, எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்ற வேண்டும். மாற்றும்போது கார்டில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், முதலில் நகலெடுங்கள். பழைய இலக்கியத்துக்கு 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம், ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் நூலகம் தளம். இரண்டும் ஆட்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்தும் ஸ்கேன் செய்தும் சேர்த்தவை.

வாட்ஸ்ஆப்பில் மீடியா தானாக இறங்குவதை மொபைல் டேட்டா, வைஃபை, ரோமிங் மூன்றிலும் நிறுத்துங்கள். பள்ளிக் குழுவை ம்யூட் செய்து ஆர்க்கைவில் போட்டுவிட்டு மாலையில் ஒருமுறை பாருங்கள்.

பட்டன் போனுக்கு முழுதாக மாறச் சொல்ல மாட்டேன். ஓடிபி எஸ்எம்எஸ்ஸாக வந்துவிடும், பட்டன் போனிலிருந்தே பணம் அனுப்ப யுபிஐ 123பே-யும் 2022 முதல் இருக்கிறது. ஆனால் வங்கியில் பதிந்த சிம்மைக் கழற்றி பட்டன் போனில் போட்டால், ஸ்மார்ட்போனில் உள்ள யுபிஐ செயலி மறுபடி பதியச் சொல்லலாம். வங்கி சிம் ஸ்மார்ட்போனிலேயே இருக்கட்டும். வெளியே கொண்டுபோக வேறு எண்ணில் ஒரு பட்டன் போன் வாங்கி, அந்த எண்ணை வீட்டுக்கும் பள்ளிக்கும் கொடுங்கள்.