பதவியேற்ற மறுநாள் காலையில் யார் சொல்லிக்கொடுப்பார்கள்?

அலுவலகத்தில் ஒரு பிரிவுக்குப் பொறுப்பேற்று மூன்று வாரம் ஆகிறது. முன்னால் இருந்தவர் ஒரு கோப்பையும் இரண்டு சாவிகளையும் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டாவது சாவி எந்தப் பூட்டுக்கு என்று இன்னும் தெரியவில்லை. பன்னிரண்டு பேருக்கே இப்படி முழிக்கிறேனே, ஒரு நாட்டையே ஒப்படைக்கிறபோது எப்படிச் சமாளிப்பார்கள்?

பதில் 1

ட்ரூமனைவிட நீங்கள் தேவலாம். அவர் அமெரிக்காவின் துணை அதிபராகி 82 நாள்தான் ஆகியிருந்தது. 1945 ஏப்ரல் 12 அன்று ரூஸ்வெல்ட் இறந்தார், அன்று மாலையே இவர் அதிபர். முதல் அமைச்சரவைக் கூட்டம் கலைந்ததும் போர்த்துறை அமைச்சர் ஸ்டிம்சன் மட்டும் தங்கி, நம்பமுடியாத சக்தியுள்ள ஒரு வெடிபொருள் தயாராகிறது என்று சொல்லிவைத்தார். அணுகுண்டின் முழு விவரம் ஏப்ரல் 25 அன்றுதான் மேசைக்கு வந்தது. வேடிக்கை என்னவென்றால், 1943இல் செனட்டராக இருந்த ட்ரூமன் அதே திட்டத்தின் செலவைத் தோண்டப் போனபோது, வேண்டாம் என்று தடுத்தவரும் இதே ஸ்டிம்சன்தான்.

பதில் 2

ஒரு அமைச்சகத்தில் 19 வருடம் இருந்தேன். புது அமைச்சருக்குக் குறிப்பு தயாரிப்பது எங்கள் பிரிவின் வேலை. முதல் தடவை 140 பக்கம் எழுதினோம், நூல் கட்டுகூடப் பிரியாமல் திரும்பி வந்தது. அப்புறம் ஒரே பக்கமாக்கினோம்: எந்தக் கையெழுத்து, எந்தத் தேதிக்குள். ஒரு அமைச்சர் அதைப் படித்துவிட்டு, "நான் போடாவிட்டால் என்ன ஆகும்?" என்று வரிக்கு வரி கேட்டார். இரண்டு வரிகளுக்கு எங்களிடமே பதில் இல்லை. மற்றவர்கள் கேட்டது, அறை எப்போது தயாராகும் என்றுதான்.

பதில் 3

பிரிட்டனில் புதுப் பிரதமர் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று, அணு ஆயுத நீர்மூழ்கிக் கப்பல்கள் நான்கின் தளபதிகளுக்கும் தன் கையாலேயே கடிதம் எழுதுவது. எதிரி தாக்கி அரசே அழிந்துபோனால் என்ன செய்யவேண்டும் என்று அதில் இருக்கும். பதவி போனதும் பிரிக்காமலே அழித்துவிடுவார்கள். அந்த ஒரு கடிதத்தை எழுதச் சொன்னால் நான் அன்றே ராஜினாமா செய்துவிடுவேன்.

கேள்வி கேட்டவர்

பதில் 2 எழுதிய ஐயாவுக்கு நன்றி. இன்று அந்தக் கோப்பைத் தேதிவாரியாக ஒரே பக்கத்தில் எழுதினேன். நான்கு கையெழுத்துகள் ஏற்கெனவே நாள் கடந்தவை. சாவி விஷயம் அப்படியேதான் இருக்கிறது.