வக்கீல் ஏஐ பயன்படுத்தினால் கட்சிக்காரரிடம் சொல்ல வேண்டாமா?

மஞ்சக்குப்பம்காரன்:
கடலூரில் அப்பாவின் பாகப்பிரிவினை வழக்கு எட்டு வருடமாக வாய்தா வாய்தாவாக ஓடுகிறது. வக்கீல் தயாரித்த எழுத்து வாதத்தைப் போன வாரம் வாங்கிப் படித்தேன், அதில் காட்டியிருந்த ஒரு தீர்ப்பை எங்கே தேடியும் காணோம். கேட்டால், ஜூனியர் சாட்ஜிபிடியில் எடுத்ததாம், மாற்றிவிடுகிறேன் என்கிறார். தாக்கல் ஆகியிருந்தால் எங்கள் கதி என்ன? இதற்கெல்லாம் விதி கிடையாதா?

புதுவை வக்கீல்:
பார்த்தது நல்லதாகப் போயிற்று. 2023இல் நியூயார்க்கில் ஒரு விமான நிறுவன வழக்கில் இப்படித்தான் இல்லாத தீர்ப்புகளைத் தாக்கல் செய்து, வக்கீல்கள் 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் ஒரு கொள்கை கொண்டுவந்தது: தீர்ப்பை ஏஐ முடிவு செய்யக் கூடாது, அனுமதித்த கருவிகள் மட்டும்தான். ஆனால் அது கீழ்க்கோர்ட் நீதிபதிகளுக்கும் ஊழியர்களுக்கும்தான், வக்கீல்களுக்கு இல்லை. நமக்கும் பொருந்தாது, சுற்றிலும் கேரளா இருக்கிற மாஹேகூட சென்னை உயர் நீதிமன்றத்தின் கீழ்தானே. என்னைக் கேட்டால், கையெழுத்துப் போடுகிறவர் ஒவ்வொரு தீர்ப்பையும் படித்ததாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

பழைய குமாஸ்தா:
தம்பி, மொழிபெயர்ப்பையும் கவனியுங்கள். சாட்சி தமிழில் சொல்வது மேல்முறையீட்டுக்கு ஆங்கிலத்தில் போகிறது. ஒரு முறை போனில் போட்டுப் பார்த்தேன், 'பங்காளி' என்பது 'பார்ட்னர்' என்று வந்தது, 'நிலம் என் அனுபவத்தில் இருக்கிறது', அதாவது என் கைவசம் இருக்கிறது என்பதில், அனுபவம் 'எக்ஸ்பீரியன்ஸ்' ஆகிவிட்டது! சொத்து வழக்கே அந்த ஒரு வார்த்தையில்தான் நிற்கும். மொழிபெயர்ப்பை மனிதர் சரிபார்த்தே ஆக வேண்டும் என்று கேரளாவில் எழுதியிருக்கிறார்கள், இங்கேயும் வேண்டும்.

வில்லியனூர் அக்கா:
ஒரேயடியாகத் தடை என்று போய்விடாதீர்கள். அம்மாவின் ஜீவனாம்சத் தீர்ப்பு ஆங்கிலத்தில் வந்தது, போனில் தமிழாக்கிப் படித்துக் காட்டிய பிறகுதான் அவருக்கு எவ்வளவு பணம், எந்தத் தேதியிலிருந்து என்றே தெரிந்தது. அதுவரை யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை.

புதுவை வக்கீல்:
அது சரி அக்கா, புரிந்துகொள்ள வைத்துக்கொள்ளலாம். கோர்ட்டில் தாக்கல் செய்கிற காகிதம் வேறு.

மஞ்சக்குப்பம்காரன்:
நன்றி. அடுத்த வாய்தாவுக்கு முன்னால் மீதி இரண்டு தீர்ப்புகளின் முழு நகலையும் கேட்டு வாங்கி, நானே படித்துவிட்டுத்தான் தாக்கல் செய்யச் சொல்லப் போகிறேன்.