கம்மி விலையில நல்ல கலர் குடுக்கற மைக் ப்ரீஆம்ப்: உங்க கைல பட்டதைச் சொல்லுங்க

மைக்கை கம்ப்யூட்டர்ல சேக்கற இன்டர்ஃபேஸ் பெட்டில வர்ற ப்ரீஆம்ப் (மைக்கோட சின்ன சிக்னலை தூக்கி விடறது) எல்லாம் இப்போ ரொம்ப சுத்தம், நாய்ஸ் இல்ல, டிஸ்டார்ஷன் இல்ல, மைக் என்ன புடிக்குதோ அது அப்படியே உள்ள போயிடும். நிறைய வேலைக்கு அதுதான் சரி, நான் மறுக்கல. ஆனா ராக் வோக்கல், பேஸ் கிட்டார், ஸ்நேர் இதுக்கெல்லாம் எனக்கு வேற ஒண்ணு வேணும். குரல் கொஞ்சம் முன்னாடி வந்து நிக்கணும், கீழ கனம் ஏறணும், கத்தற இடத்துல லேசா கரகரன்னு உடையணும். அந்த கலரைத் தேடி கட்டுப்படியாகற பெட்டிங்களா போட்டுப் பாத்துட்டு இருக்கேன், எனக்குத் தெரிஞ்சதை எழுதறேன், நீங்களும் எழுதுங்க.

ரொம்ப நாளா என் ரேக்ல இருக்கறது கோல்டன் ஏஜ் ப்ராஜெக்டோட ப்ரீ-73. 1970ல வந்த நீவ் 1073ங்கற ஸ்டூடியோ ப்ரீஆம்ப் ஸ்டைல்ல பண்ணது, சிக்னல் போற வழில ஐசி சிப்பே கிடையாது, எல்லாம் டிரான்சிஸ்டர், இன்புட்லயும் அவுட்புட்லயும் டிரான்ஸ்ஃபார்மர். இதுல கெயினை, அதாவது சிக்னலை எவ்வளவு தூக்கணும்ங்கற நாபை, தேவைக்கு மட்டும் வெச்சு, மீட்டரை பயந்து பயந்து பச்சையிலயே நிறுத்தி ரெக்கார்ட் பண்ணா இன்டர்ஃபேஸ் ப்ரீஆம்புக்கும் இதுக்கும் பெருசா வித்தியாசமே தெரியாது. நிறைய பேர் அந்த இடத்துலயே மனசு விட்டு வித்துடறாங்க, அதைப் பாக்கறப்போ எனக்கு நிஜமாவே வருத்தமா இருக்கும், ஏன்னா பெட்டி எதுக்கு இருக்கோ அந்த சத்தத்தை அவங்க இன்னும் கேக்கவே இல்ல. கெயினை ஒரு ரெண்டு மூணு க்ளிக் மேல தள்ளி, ஏறின லெவலை அவுட்புட் நாப்ல இறக்கிப் பாருங்க. வோக்கலோட ஓரம் மழுங்கி நடுப்பகுதி தடிச்சு வரும், இன்னும் தள்ளினா சத்தமான வார்த்தை மட்டும் உடையும், மெதுவா பாடற இடம் சுத்தமாவே இருக்கும். இந்த கடைசி விஷயம்தான் எனக்கு ரொம்ப புடிக்கும், பாடறவங்க எவ்வளவு அழுத்தறாங்களோ அதுக்கு ஏத்த மாதிரி பெட்டியும் கூடவே வரும்.

அதனால கம்மி விலைல வாங்கறவங்களுக்கு நான் சொல்றது, முதல்ல பெட்டியோட முகத்துல கெயின் தனியா அவுட்புட் தனியான்னு ரெண்டு நாப் இருக்கான்னு பாருங்க, பிராண்டு எல்லாம் அப்புறம். ஒரே நாப் இருந்தா அதை ஏத்தறப்பவே இன்டர்ஃபேஸ் உள்ள லெவல் தாங்காம கிளிப் ஆயிடும். இந்த மாதிரி டிரான்ஸ்ஃபார்மர் அவுட்புட் பெட்டிங்க +26 டிபியு (சிக்னல் லெவலோட அளவு) வரைக்கும் தள்ளும், பல இன்டர்ஃபேஸோட லைன் இன் +20 பக்கத்துலயே முடிஞ்சிடும், அப்போ நீங்க கேக்கறது சிக்னலை டிஜிட்டலா மாத்தற கன்வெர்ட்டர் உடையற சத்தம், அது யாருக்கும் வேணாம்.

*

அண்ணா நல்ல த்ரெட். அவுட்புட் நாப் பத்தி ஒண்ணு சேத்துக்கறேன், அது சர்க்யூட்ல எங்க உக்காந்திருக்குங்கறதும் முக்கியம். கடைசி ஸ்டேஜுக்கு முன்னாடி இருந்தா நீங்க கெயினை ஏத்தி அதை இறக்கறப்போ முந்தின டிரான்சிஸ்டர் ஸ்டேஜ்தான் சூடாகும், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கு சிக்னல் கம்மியாதான் போகும். டிரான்ஸ்ஃபார்மரோட சாச்சுரேஷன்தான் (அளவுக்கு மேல சிக்னல் ஏறி நெரியறது) வேணும்னா அவுட்புட்டை ஃபுல்லா திறந்து விட்டுட்டு, வெளிய லெவலை இறக்கற ஒரு 20 டிபி இன்லைன் பேட் போட்டு இன்டர்ஃபேஸுக்குள்ள விடணும். ரெண்டும் ரெண்டு விதமான கலர். முந்தினது கொஞ்சம் கரடு, பின்னது உருண்டையா கனமா வரும்.

பேஸ்லயும் கிக்லயும் இது பளிச்சுனு தெரியறதுக்குக் காரணம் இருக்கு. டிரான்ஸ்ஃபார்மரோட இரும்பு கோர்ல ஏறற ஃப்ளக்ஸ் (காந்தப் பாய்வு) ஃப்ரீக்வென்சி கொறைய கொறைய கூடும், ஒரே வோல்டேஜ் குடுத்தா 40 ஹெர்ட்ஸ்ல இருக்கறது 400 ஹெர்ட்ஸ்ல இருக்கறதை விட பத்து மடங்கு. அதனால கோர் முதல்ல கீழ்ப்பகுதிலதான் நெரியும், அங்க மூணாவது ஹார்மோனிக் (மூணு மடங்கு ஃப்ரீக்வென்சி) வந்து சேரும், சின்ன ஸ்பீக்கர்ல கூட பேஸ் லைன் காதுல விழறது இதனாலதான். மேல இருக்கற ட்ரெபிள் பெருசா அடிபடாது. ப்ளக்இன்ல மொத்த ஃப்ரீக்வென்சியையும் ஒரே மாதிரி சாச்சுரேட் பண்ணிட்டு ஏன் மங்கலா இருக்குன்னு தேடறவங்க இதை ஒரு தடவை கேட்டாங்கன்னா புரிஞ்சுடும்.

என்கிட்ட இருக்கறது வார்ம் ஆடியோ டபிள்யூஏ12. இது நீவ் பக்கம் இல்ல, ஏபிஐ 312ங்கற இன்னொரு பழைய ப்ரீஆம்ப் பக்கம், சிப் இல்லாம தனித்தனி பார்ட்ல கட்டின டிஸ்க்ரீட் ஆப்-ஆம்ப், சினிமேக் கம்பெனி டிரான்ஸ்ஃபார்மர், கெயின் 71 டிபி. ஸ்நேருக்கும் டிஸ்டார்ஷன் கிட்டாருக்கும் இதைத்தான் எடுப்பேன், அடி அப்படியே முகத்துல வந்து விழும். ஆனா தள்ளிட்டே போனா 73 ஸ்டைல் மாதிரி மெதுவா குழையாது, ஒரு எல்லை வரைக்கும் கெட்டியா நிக்கும், அப்புறம் டக்னு உடையும். மெதுவா பாடற பாட்டுக்கு நான் போடமாட்டேன்.

*

நான் பழைய மிக்சர் ஆளு. புதுசா ஒண்ணும் வாங்கல, பழசு தேடித்தான் கலர் புடிச்சேன்.

ஷ்யூர் எம்67ன்னு ஒரு மோனோ மிக்சர், ரேடியோ, வெளிப்புற ஒளிபரப்பு வேலைக்காக வந்தது, நாலு மைக் இன்புட், டிரான்ஸ்ஃபார்மர் இருக்கு, நடுவுல அழகா லெவல் காட்டற ஒரு வியு மீட்டர். மைக்குக்கு கரண்ட் குடுக்கற 48 வோல்ட் ஃபேன்டம் கிடையாது, அதனால டைனமிக் மைக்தான். எஸ்எம்57ஐ சொருகி ஆம்ப் முன்னாடி வெச்சு மாஸ்டரை நல்லா திருப்பினா மேல்பகுதி மூடிட்டு நடுப்பகுதி மட்டும் குமுறும், அழுக்கான சத்தம்தான், ஆனா நிறைய ட்ராக் இருக்கற மிக்ஸ்ல அது தனக்குன்னு ஒரு இடத்தை எடுத்துக்கும், ஈக்யூவே தேவைப்படாது. ட்ரம்ஸுக்கு போடறதா இருந்தா முன்னாடி கண்டிப்பா ஒரு பேட் வேணும்.

யமஹா பிஎம்-1000 பழைய கன்சோலோட சேனல் ஸ்ட்ரிப்பை தனியா எடுத்து பெட்டில போட்டு விக்கறதும் உண்டு, அதுவும் டிரான்ஸ்ஃபார்மர் உள்ளதுதான், தனி பவர் சப்ளை வேணும். நண்பர் ஒருத்தர்கிட்ட வாங்கி பேஸுக்கு போட்டுப் பாத்தேன், கேட்டதுல இருந்து எனக்கும் ஒண்ணு வேணும்னு மனசுல இருக்கு.

பழசு வாங்கறவங்க ஒண்ணை மறந்துடாதீங்க, உள்ள இருக்கற எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் எல்லாம் காஞ்சு போயிருக்கும். ஹம் வருது, பேஸ் காணோம், நாப் திருப்பினா கரகரங்குதுன்னா அதை விண்டேஜ் கலர்னு நினைச்சுக்க வேணாம், ரிப்பேர் வேலை அது. கெப்பாசிட்டர் மாத்தற செலவையும் சேத்துதான் விலையை யோசிக்கணும்.

*

ட்யூப் பத்தி யாரும் பேசல, அதனால நான்.

ரொம்ப கம்மி விலைல ட்யூப்னு போட்டு வர்ற பெட்டிங்கள்ல பெரும்பாலும் 12ஏஎக்ஸ்7 ஒண்ணு இருக்கும், ஆனா அதுக்கு கிடைக்கற ப்ளேட் வோல்டேஜ் ரொம்ப கொஞ்சம். கிட்டார் ஆம்ப்ல அதே ட்யூப் நூறு இருநூறு வோல்ட்ல ஓடும், இதுல பட்டினி போட்ட மாதிரி ஓடும், பேரே ஸ்டார்வ்டு ப்ளேட்னுதான் சொல்லுவாங்க. ஏஆர்டி ட்யூப் எம்பி அந்த வகை. மைக் சிக்னலை முதல்ல சாலிட் ஸ்டேட் ஸ்டேஜ்தான் தூக்குது, ட்யூப் அதுக்குப் பின்னாடி வருது. டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. அதனால நீவ் மாதிரி கனம் இதுல வரும்னு எதிர்பாக்காதீங்க, இது வேற ஜாதி. இன்புட்டை ஏத்தி அவுட்புட்டை இறக்கினா மெல்லிசா ஒரு ஃபஸ் மாதிரி பூசிக்கும், ஸ்க்ரீம் வோக்கல், ஹார்மோனிகா, ட்ரம் ரூம் மைக், இதுக்கெல்லாம் எனக்கு அது ரொம்பவே புடிக்குது. ட்யூப்பை 12ஏடி7க்கோ 12ஏயூ7க்கோ மாத்திப் பாக்கலாம், 12ஏஎக்ஸ்7 கெயின் ஃபேக்டர் 100, ஏடி7 60, ஏயூ7 இருபது பக்கம், அதனால உடையறது தள்ளிப் போகும், நாப்ல விளையாட இடம் கிடைக்கும். விலைக்கு இதைவிட நல்ல ஒரு கலர் பெட்டி எனக்குத் தெரிஞ்சு இல்ல.

*

ஒரு டவுட் ப்ரோ, 73 ஸ்டைல் ஒண்ணு வாங்கி இன்டர்ஃபேஸ்ல எக்ஸ்எல்ஆர்லயே (மூணு பின் மைக் கேபிள்) சொருகிட்டு இருக்கேன், சத்தம் பெருசா வருது ஆனா நீங்க சொல்ற வித்தியாசம் தெரியல, நாய்ஸும் இருக்கு. சால்டரிங் தெரியும், பார்ட்ஸா வர்ற கிட் வாங்கி நானே செய்யலாமான்னும் யோசனை.

*

தம்பி, காம்போ ஜாக்ல எக்ஸ்எல்ஆர் சொருகினா இன்டர்ஃபேஸோட மைக் ப்ரீஆம்புக்குள்ளதான் போகும், ரெண்டு ப்ரீஆம்ப் ஒண்ணு மேல ஒண்ணு ஓடிட்டு இருக்கு. டிஆர்எஸ் (கால் இஞ்ச் ஜாக்) கேபிள்ல லைன் இன்புட்டுக்கு போங்க, ஃபேன்டமை ஆஃப் பண்ணிடுங்க, லைன் கெயினை அடிமட்டத்துல வெச்சு ஆரம்பிங்க. நாய்ஸும் பாதி அதுலயே போயிடும்.

இன்னொண்ணு, நீவ் 1073ல 50 டிபி தாண்டறப்போ கூடுதலா ஒரு ஸ்டேஜ் உள்ள வரும், அந்த சர்க்யூட்டை அப்படியே எடுத்த பெட்டிகள்லயும் அது இருக்கும். அதனால சத்தம் கம்மியா தர்ற டைனமிக் மைக்கோ ரிப்பனோ போட்டு மேல் க்ளிக்ல ஓட்டினா கலர் சீக்கிரம் கிடைக்கும். எஸ்எம்7பி மாதிரி 60 டிபி கேக்கற மைக் இதுக்கு ரொம்ப பொருத்தம், நடுவுல க்ளீன் பூஸ்டர் பெட்டி எதுவும் போடாதீங்க, போட்டா ப்ரீஆம்ப் வேலை செய்யற இடமே மாறிடும். மேல்பகுதி ரொம்ப கூர்மையா கேட்டா அவுட்புட்ல 600 ஓம் லோடு குடுத்துப் பாருங்க, அந்தக் காலத்து டிரான்ஸ்ஃபார்மர் டிசைன் அந்த லோடை எதிர்பாத்து பண்ணது, இப்போ இருக்கற இன்டர்ஃபேஸ் 10 கே ஓமுக்கு மேல இருக்கும். சில பெட்டில அதுக்கு சுவிட்ச்சே உண்டு.

கிட் கண்டிப்பா செய்யலாம், சால்டரிங் கை பழகியிருந்தா. கேபி, சவுண்ட் ஸ்கல்ப்டர் ரெண்டு கம்பெனியும் 500 சீரிஸ்ல (பொது ரேக்ல சொருகற சின்ன மாட்யூல் வகை) நல்ல கிட் குடுக்கறாங்க, டிரான்ஸ்ஃபார்மர்ல கஞ்சத்தனம் இல்ல. ஆனா 500 சீரிஸ்னா பவர் குடுக்கற ரேக்கும் வாங்கணும், ஒரே ஒரு சேனலுக்காகன்னா கணக்கு உதைக்கும், நாலஞ்சு சேனல் போடற எண்ணம் இருந்தா மட்டும் அந்தப் பக்கம் போங்க.

கேபிள் மாத்தினப்புறம் ஒரே டேக்கை கெயின் கம்மியா ஒண்ணு, தள்ளி ஒண்ணுன்னு எடுத்து, ரெண்டையும் ஒரே சத்தத்துக்கு கொண்டு வந்துட்டு கேளுங்க, இல்லன்னா சத்தமா இருக்கறதுதான் நல்லா இருக்கற மாதிரி தோணும். பேஸ்ல கேட்டு என்ன தெரிஞ்சதுன்னு இங்கயே எழுதுங்க தம்பி.